அம்மா கேட்ட நான்கு கேள்விகள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ஆங்கிலத்தில் நம்மை அதிகம் அலைக்கழிப்பவை எவை என்று கேட்டால், எங்கள் வகுப்பில் அத்தனை பேரும் ஒரே குரலில் "வினைச்சொற்கள்!" என்பார்கள். பெயர்ச்சொற்கள் சாதுவானவை. மேசை என்றால் டேபிள், ஜன்னல் என்றால் விண்டோ. ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால் வைத்த இடத்திலேயே இருக்கும். வினைச்சொற்களோ இரட்டைக் குழந்தைகளைப் போல ஜோடி ஜோடியாக வந்து நின்று, "எங்களில் யார் மூத்தவள், யார் இளையவள், சொல் பார்க்கலாம்!" என்று நம்மைச் சோதிக்கின்றன. லை, லே என்று ஒரு ஜோடி. ரைஸ், ரெய்ஸ் என்று இன்னொரு ஜோடி. பாரோ, லெண்ட், பிரிங், டேக், டீச், லேர்ன், சே, டெல், வின், பீட், ஹியர், லிசன். இப்படியே போகிறது வரிசை.

இந்த ஆண்டு பள்ளி திறந்ததும் எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர், இத்தகைய ஜோடிகளைக் கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதிப்போட்டு, "பொதுத்தேர்வுக்கு முன் இவை உங்கள் தோழிகளாகிவிட வேண்டும்" என்றார். பகைவர்களைத் தோழிகளாக்குவது எளிதா? இடைவேளையில் நாங்கள் மரத்தடியில் கூடி, "இந்த மொழியே கோணல் மொழி" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

கூடம் கோணல் இல்லை என்பதை எனக்குக் காட்டியவர், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசாத என் அம்மா. அதைத்தான் இந்த ஆண்டு மலரில் என் தோழியருடனும், அவர்களுடைய பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தந்தைக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. என் தாயார் எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். நான் இந்தப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல், நான் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் அவர் அரிவாள்மனையையும் காய்கறிக் கூடையையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். "ஏம்மா போறீங்க?" என்றால், "என் தமிழ் உன் இங்கிலீஷைக் கெடுத்துடும் பாப்பா" என்பார். பெற்றோர் கூட்டத்திற்கு வந்தாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். தம்முடைய மொழி ஏதோ கைபட்டால் கறையாகிவிடும் பொருள் என்று அவர் நினைத்திருந்தார். இப்படி நினைக்கும் தாய்மார் நம் பள்ளியில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பது தோழியருடன் பேசியதில் எனக்குத் தெரிய வந்தது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை, பின்கட்டில் விளக்கு எரியவில்லை. வேறு வழியின்றி அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். நான் சிஸ்டர் தந்த பட்டியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாப்பா, ஒரே சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்றே?"

"ஒரே சொல் இல்லம்மா, ரெண்டு. லைன்னாலும் படுக்கிறதுதான், லேன்னாலும் படுக்கிறதுதான். எங்க எதைப் போடணும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

அம்மா கீரைத் தண்டை ஒடித்தபடியே கேட்டார்: "பிள்ளை தானா கிடக்குதா, இல்ல நாம எடுத்துக் கிடத்துறோமா?"

இதுதான் அம்மாவின் முதல் கேள்வி. ஆங்கிலமே தெரியாதவர் கேட்ட அந்தக் கேள்விதான் இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேலி. தானாகக் கிடந்தால் லை. ஒருவர் கிடத்தினால் லே. தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோமே, அதேதான்! கிட என்பது லை, கிடத்து என்பது லே. எழு என்பது ரைஸ், எழுப்பு என்பது ரெய்ஸ். இரு என்பது சிட், இருத்து என்பது செட். விழு என்பது ஃபால், வீழ்த்து என்பது ஃபெல். மரம் தானே விழுந்தால் ஃபால். மரவெட்டி அதை வீழ்த்தினால் ஃபெல்.

தமிழ் தன்வினையைப் பிறவினையாக்கப் பெரும்பாலும் மெய்யெழுத்தை வலிக்கச் செய்கிறது. ஓடு என்பது ஓட்டு ஆகிறது. ஆடு என்பது ஆட்டு ஆகிறது. திருந்து என்பது திருத்து ஆகிறது. ஆங்கிலமோ பழங்காலத்தில் உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றியது. லை என்பது லே ஆனதும், ஃபால் என்பது ஃபெல் ஆனதும் அவ்வாறுதான். கடல்கள் நடுவே கிடக்க, இரண்டு மொழிகளும் ஒரே வேலையை வெவ்வேறு கருவி கொண்டு செய்திருக்கின்றன. இது தெரிந்தபோது, கரும்பலகையில் முறைத்துக்கொண்டிருந்த அந்த ஜோடிகள் சற்றுப் புன்னகை செய்தது போல எனக்குத் தோன்றியது.

நம் பள்ளியில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறோம் அல்லவா? மாதா குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார். அங்கே லே என்பதன் இறந்தகாலமாகிய லெய்ட் வரும். குழந்தை தொட்டியில் கிடந்தது. அங்கே லை என்பதன் இறந்தகாலம் வரும். அந்த இறந்தகாலம் என்ன தெரியுமா? லே! இங்கேதான் எல்லோரும் இடறுகிறார்கள். கிடத்து என்பதற்கு நிகழ்காலமாக இருக்கும் அதே ஒலி, கிட என்பதற்கு இறந்தகாலமாக வந்து நிற்கிறது. ஆகவே முதலில் தமிழில் "கிடந்ததா, கிடத்தினாரா" என்று முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே காலத்தைப் பார்க்க வேண்டும். அந்த வரிசை மாறினால் குழப்பம்தான்.

நற்செய்தியிலிருந்தே இன்னொரு எடுத்துக்காட்டு. இயேசு மூன்றாம் நாள் எழுந்தார், அது ரைஸ். இயேசு லாசரை எழுப்பினார், அது ரெய்ஸ். இரண்டையும் மாற்றிச் சொன்னால் வாக்கியம் மட்டுமா மாறுகிறது? யார் யாரை எழுப்பினார் என்பதே தலைகீழாகிவிடும். கோழி முட்டையிடுவதற்கும் லே என்ற சொல்தான். "எதை?" என்று கேட்டால் "முட்டையை" என்று விடை வருகிறதே, அதனால். காலை வழிபாட்டில் நாம் எழுந்து நிற்கிறோம். ஆகஸ்டு 15 அன்று கொடியை உயர்த்துகிறோம். முன்னது ரைஸ், பின்னது ரெய்ஸ்.

அம்மாவின் இரண்டாவது கேள்வி பிறந்த கதை சற்று நீளமானது. அதில் ஒருவருடைய உழைப்புக் காசு அடங்கியிருக்கிறது. உரியவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போட்டுடாதே கண்ணு" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, வடநாட்டிலிருந்து வேலை மாற்றலில் வந்திருந்த ஒரு குடும்பத்தில் சமையல் செய்துவந்தார். அந்த வீட்டு அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. அத்தைக்கு அடுப்படி அளவு இந்தி தெரியும். மார்ச் மாதத்தில் பாலுக்கும் காய்கறிக்கும் காஸ் சிலிண்டருக்கும் அத்தை தம் கைக்காசைப் போட்டுச் செலவு செய்திருந்தார். மொத்தம் 1,850 ரூபாய். "அப்புறம் தருகிறேன்" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். ஏப்ரலில் திடீரென்று மாற்றல் உத்தரவு வந்தது. மூட்டை கட்டும் அவசரத்தில் அவரும் மறந்துவிட்டார்; அத்தைக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு வந்தது. அத்தை எங்கள் தெருவில் ஓர் அண்ணனைப் பிடித்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பச் செய்தார். பத்து நாளில் பதிலும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அத்தை எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். நான் படித்துத் தமிழில் சொன்னேன்: நீங்கள் எங்களுக்கு அன்போடு சமைத்துப் போட்டீர்கள், அந்தப் பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது.

அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காசு போட்டது நான். எனக்கே தானம் பண்றாங்களா?" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாதான் நிதானமாக, "இருங்க அண்ணி. நாம என்ன எழுதினோம்னு முதல்ல பாப்போம்" என்றார். நல்ல வேளையாக அந்த அண்ணன் கடிதத்தின் நகலை அத்தையிடம் கொடுத்து வைத்திருந்தார். அதில் "நான் உங்களிடம் 1,850 ரூபாய் கடன் வாங்கினேன், தயவுசெய்து நினைவில் கொள்ளவும்" என்ற பொருள் வரும்படி எழுதியிருந்தது. லெண்ட் என்று வரவேண்டிய இடத்தில் பாரோ என்று வந்துவிட்டது. கடன் கொடுத்தவர் கடன்காரர் ஆகிவிட்டார். அந்த அம்மாளோ நல்ல மனத்துடன், இல்லாத கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்!

நான் இரண்டு சொல்லுக்கும் பொருள் சொன்னதும் அம்மா கேட்டார்: "அப்போ இதுல கேக்க வேண்டியது ஒண்ணுதான். பணம் எந்தப் பக்கம் போச்சு?"

இதுவே இரண்டாவது கேள்வி. என்னிடமிருந்து போனால் லெண்ட். என்னிடம் வந்தால் பாரோ. தமிழில் கடன் என்ற சொல் இரண்டு பக்கத்துக்கும் பொது. கடன் வாங்கினேன், கடன் கொடுத்தேன் என்று பின்னால் வரும் வினைதான் திசையைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்தத் திசை வினைச்சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. கடிதம் எழுதிய அண்ணன் கடன் என்பதற்கு ஆங்கிலம் தேடினார்; வாங்கியதா கொடுத்ததா என்று தேட அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பவர் அவர். அவரைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினோம். "அந்த அம்மா மனசு புண்படக்கூடாது" என்று அத்தை மூன்று முறை சொன்னார். எனவே, முதல் கடிதத்தில் ஒரு சொல் மாறியதால் செய்தியே தலைகீழாகிவிட்டது என்று தொடங்கி, எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதி, லெண்ட் என்ற சொல்லைச் சரியான காலத்தில் போட்டு முடித்தோம். ஆகஸ்டு முதல் வாரத்தில் பணம் வந்து சேர்ந்தது. கூடவே, வருத்தம் தெரிவித்து நான்கு வரி. சரியாக 1,850 ரூபாய். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. "என் காசு எனக்கு வந்துச்சு" என்று அத்தை சொன்னபோது, இலக்கணம் என்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கிற பாடமன்று என்று எனக்கு விளங்கியது.

திசையைக் கேட்கும் இந்தக் கேள்வி வேறு பல ஜோடிகளையும் பிரித்துக் கொடுக்கும். பாடம் என்னிடம் வந்தால் லேர்ன், என்னிடமிருந்து போனால் டீச். கற்றேன், கற்பித்தேன். "நோட்டைக் கொண்டு வா" என்பதற்குப் பிரிங். "இந்தச் சீட்டை அலுவலகத்துக்குக் கொண்டு போ" என்பதற்கு டேக்.

இதை எங்கள் தமிழம்மாவிடம் சொன்னபோது அவர் ஒரு வியப்பான செய்தி சொன்னார். தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இந்தத் திசைப் பாகுபாடு இருக்கிறதாம். வருதல், தருதல் ஆகிய இரண்டும் பேசுகிறவரையும் கேட்கிறவரையும் நோக்கி வரும் செயல்களுக்கு உரியவை. செல்லுதல், கொடுத்தல் ஆகிய இரண்டும் மூன்றாமவரை நோக்கிய செயல்களுக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான். ஆங்கிலத்தின் கம், பிரிங் இரண்டும் பெரும்பாலும் இதே பாதையில்தான் நடக்கின்றன. "உங்கள் வீட்டுக்கு வருகிறேன்" என்று கேட்பவரிடம் சொல்லும்போது ஆங்கிலேயரும் கம் என்றுதான் சொல்கிறார், கோ என்று சொல்வதில்லை.

தொல்காப்பியர் அதோடு விடவில்லை. ஒன்றைக் கேட்கும்போது, தாழ்ந்த நிலையில் உள்ளவன் ஈ என்றும், ஒத்த நிலையில் உள்ளவன் தா என்றும், உயர்ந்த நிலையில் உள்ளவன் கொடு என்றும் சொல்ல வேண்டுமாம். ஒரே செயலுக்கு மூன்று வினைகள்! இவற்றைப் படிக்கும் ஓர் ஆங்கிலேயச் சிறுமி, "இந்த மொழியே கோணல் மொழி" என்று தன் ஊர் மரத்தடியில் தீர்மானம் போடமாட்டாளா?

அம்மாவின் மூன்றாவது கேள்வி: "எதை? யாரை?"

எறிபந்துப் போட்டியில் வென்று வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஆட்டத்தில் ஜெயித்தோம்" என்கிறோம். "அவர்களை ஜெயித்தோம்" என்றும் சொல்கிறோம். தமிழுக்கு ஒரு வினை போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. எதை வென்றோம்? ஆட்டத்தை, கோப்பையை. அதற்கு வின். யாரை வென்றோம்? எதிர் அணியை. அதற்குப் பீட். பீட் என்றதும் அடித்தோம் என்று அஞ்ச வேண்டாம். விளையாட்டில் அதற்குத் தோற்கடித்தோம் என்று பொருள். திருடுவதிலும் இப்படியே. எதைத் திருடினான் என்று சொல்ல ஸ்டீல். யாரிடம் அல்லது எந்த இடத்தில் கொள்ளையடித்தான் என்று சொல்ல ராப். பணத்தை ஸ்டீல் செய்கிறான். வங்கியை ராப் செய்கிறான்.

சே, டெல் என்ற ஜோடியிலும் யாரை, யாரிடம் என்பதே முக்கியம். டெல் என்றால் அதை அடுத்துக் கேட்பவர் நேராக வந்து நிற்பார். சே என்றால் சொன்ன செய்திதான் முதலில் வரும். ஆளைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் டூ என்ற சிறு சொல் வேண்டும்.

யாரை என்ற கேள்விக்கு ஆங்கிலம் தரும் மரியாதை ஓரிடத்தில் மனத்தைத் தொடுகிறது. ஹேங் என்ற வினைக்கு இரண்டு இறந்தகாலங்கள் உண்டு. சுவரில் படத்தை மாட்டினால் ஹங். ஒரு மனிதரைத் தூக்கிலிட்டால் ஹேங்டு. கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார் என்று எழுதும்போது ஹேங்டு என்றே எழுத வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். தமிழிலும் அப்படித்தானே? படத்தை மாட்டுகிறோம், சட்டையைத் தொங்கவிடுகிறோம். மனிதர் என்று வரும்போது வேறு சொல்லுக்குப் போய்விடுகிறோம்.

நான்காவது கேள்வி: "தானா வந்துச்சா, மனசு வச்சுச் செஞ்சதா?"

கேள் என்ற நம் சொல் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். கேள்வி கேட்பதும் கேள், பாட்டுக் கேட்பதும் கேள், சத்தம் கேட்பதும் கேள். ஆங்கிலத்தில் இவை தனிக்குடித்தனம் போய்விட்டன. ஆஸ்க், லிசன், ஹியர் என்று மூன்று வீடுகள். ஹியர், லிசன் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அம்மா சொன்னார்: "காதுல விழுந்தா ஒண்ணு, காது கொடுத்தா இன்னொண்ணு."

எவ்வளவு அழகான விளக்கம்! தூரத்தில் ரயில் கூவுவது காதில் விழுகிறது, அது ஹியர். கோவிலில் மறையுரைக்குக் காது கொடுக்கிறோம், அது லிசன். கண்ணுக்கும் அப்படியே. கண்ணில் பட்டால் ஸீ. கண்ணைத் திருப்பிப் பார்த்தால் லுக். நடப்பதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்தால் வாட்ச். தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று நினைத்திருந்தோம். வீட்டுப் பேச்சில் எத்தனையோ காலமாக இருக்கிறது. கண்ணில் பட்டது, காதில் விழுந்தது என்று நம் பாட்டிமார் நாள்தோறும் பேசுகிறார்களே!

நான்கு கேள்விகளும் எல்லாப் பூட்டையும் திறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. செய் என்பதற்கு டூ, மேக் என்று இரண்டு இருக்கின்றன. வீட்டுப்பாடத்துக்கு டூ, தவறுக்கு மேக். ஏன் என்று எந்தக் கேள்வியும் விடை தராது; பழகித்தான் ஆக வேண்டும். தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து மாணவிகள் தேர்வுக்கு உட்காருகிறார்கள். அமெரிக்க மாணவிகள் தேர்வை எடுக்கிறார்கள். நாமோ தேர்வை எழுதுகிறோம். பயம் மட்டும் மூவருக்கும் ஒன்று!

நம் தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடங்களும் உண்டு. போடு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் உலகத்தையே நடத்துகிறோம். விளக்கைப் போடு, டீ போடு, சட்டை போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு. இவை ஐந்தும் ஆங்கிலத்தில் ஐந்து வெவ்வேறு வினைகளாகும். போடு என்பதற்கு ஒரே ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டு போனால் சண்டையும் டீயும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும். அம்மாவின் கேள்விகள் ஏன் உதவுகின்றன என்றால், அவை சொல்லைப் பார்த்துக் கேட்பவை அல்ல. தானாக நடந்ததா, எந்தப் பக்கம் போனது, எதை, யாரை, மனம் வைத்தா என்று நடந்த செயலைப் பார்த்துக் கேட்பவை. நடந்தது என்ன என்று தாய்மொழியில் தெளிந்துகொண்டால், அதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த வேலை.

நம் திருச்சிக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றிய வீரமாமுனிவரை நாம் அறிவோம். 1680-இல் இத்தாலியில் பிறந்து, வளர்ந்த பிறகு தமிழகம் வந்து தமிழ் கற்றவர். 1732-இல் சதுரகராதியைத் தந்தவர். தமிழ் கற்க வரும் தம் தோழர்களான குருக்களுக்காக அவர் தமிழ் இலக்கண நூல்களும் எழுதினார். எந்த மொழியில் தெரியுமா? அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த இலத்தீன் மொழியில்! தெரிந்த மொழியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத மொழிக்குள் நடக்க முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். தமிழ் கற்க வந்தவர்களுக்கு இலத்தீன் உதவியது என்றால், ஆங்கிலம் கற்கும் நமக்குத் தமிழ் உதவாதா?

இப்போதெல்லாம் அம்மா பின்கட்டுக்குப் போவதில்லை. நான் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தால், "இன்னைக்கு எந்த ஜோடி பாப்பா?" என்று கேட்கிறார். ரிமம்பர், ரிமைண்ட் என்ற ஜோடியைச் சொன்ன நாளில், "ஒண்ணு நமக்கு ஞாபகம் வர்றது, இன்னொண்ணு நாம ஞாபகப்படுத்துறது. முதல் கேள்வியிலேயே முடிஞ்சுபோச்சு!" என்று ஒரு சிறுமியைப் போலச் சிரித்தார். செப்டம்பரில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் என் ஆங்கில மதிப்பெண்ணைக் காட்டியபோது, "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் படிக்கிறோம் சிஸ்டர்" என்றார். சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பெற்றோருக்கும் அதைச் சொன்னார்.

இந்த மலரைப் படிக்கும் அன்பான தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் மகள் ஆங்கிலம் படிக்கும்போது தயவுசெய்து தள்ளிப்போய் உட்காராதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன? கேள்வி கேட்கத் தெரியுமே! விடையை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.

என்னருமைத் தோழியரே! இன்னும் சில மாதங்களில் பொதுத்தேர்வு முடிந்து நாம் ஆளுக்கொரு திசையில் பறந்துவிடுவோம். நம்மில் பலர் பேருந்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் யாரோ ஒருவருக்காக ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுக்க வேண்டி வரும். அந்த நான்கு வரியில் அவருடைய கூலியோ, மருந்தோ, மானமோ அடங்கியிருக்கலாம். அப்போது ஒரு நிமிடம் நின்று, நடந்தது என்ன என்று அவரிடம் தமிழில் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறப்போம். வகுப்பில் எவளாவது ஒருத்தி பாரோ என்பதற்கு லெண்ட் என்று சொல்லிவிட்டால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதற்குப் பதில், "பணம் எந்தப் பக்கம் போச்சுடி?" என்று கேட்போம். விடையை அவளே சொல்லிவிடுவாள்.